அண்ணன் பேரில் தம்பி ரத்தம்

என் லேப்பில் நம்பர் தப்பாது. ஆள் தப்பலாம், பேர் தப்பலாம், மழைக்கு ஒதுங்கி நின்றவரை உள்ளே கூப்பிட்டு ரத்தம் எடுத்த கூத்துகூட ஒரு தடவை நடந்திருக்கிறது. ஆனால் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பும் நம்பரை எந்த டாக்டரும் இதுவரை திருப்பி அனுப்பியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன்.

என் பெயர் சிவமலர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையின் மாடியில் லேப் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்த வங்கியில் இருந்தேன். மேலே இருந்தவரோடு ஒத்துப்போகவில்லை, வெளியே வந்துவிட்டேன். ரத்தம் எடுக்கிற பெண் யாராக இருந்தாலும் இங்கே ஜனங்களுக்கு மிஸ்ஸிதான். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். லேப்பில் எல்லோரும் பேசுகிற தமிழைத்தான் பேசுவேன், கோபம் வந்தால் மட்டும் வீட்டுத் தமிழ் முந்திக்கொள்ளும். "மிஸ்ஸிக்குச் சிலோன் வந்துருச்சு, ஓடுங்க லா" என்று முதலில் கேலி செய்தவர் பக்கிரிசாமிதான்.

பக்கிரிசாமி ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயிற்றில் புற்று வந்து, டாக்டர் சண்முகரத்தினம் முழு வயிற்றையும் எடுத்துவிட்டார். குடலை நேராக மேலே இழுத்துத் தைத்துவிட்டதால் கோழி கொத்துவதுபோல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவார். "எனக்கு யார் மேலயும் வயித்தெரிச்சல் வராது மிஸ்ஸி, வயிறு இருந்தாத்தானே" என்பார். அந்தப் பேச்சுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவர் ரத்தத்தில் சி.இ.ஏ. பார்ப்பேன். அது ஒரு புரதம். தாயின் கருவில் இருக்கும் குழந்தையின் குடல் அதைச் சுரக்கும், பிறந்தபிறகு ஏறக்குறைய நின்றுபோகும். சில புற்றுகள் நின்றுபோன அந்த வேலையை மறுபடி தொடங்கும். அப்போது ரத்தத்தில் அது ஏறும். புற்றை எடுத்துவிட்டால் இறங்கும். இறங்கியது திரும்ப ஏறினால் எங்கேயோ ஏதோ முளைக்கிறதா என்று தேட வேண்டும். நன்றாக நடமாடுகிறவர்களிடம் நோயைக் கண்டுபிடிக்க இது தோதான சோதனை இல்லை என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். இதைச் சுரக்காமலே வளர்கிற புற்றுகள் உண்டு. புற்றே இல்லாமல் சிகரெட் பிடிப்பதாலும் கொஞ்சம் ஏறும். வந்துபோன நோய்க்குக் காவல் இருக்கத்தான் இது நல்லது. பக்கிரிசாமிக்கு ஆபரேஷனுக்கு முன் முப்பதுக்கு மேல் இருந்தது, அடுத்து வந்த தீபாவளிக்கு முன்பே இரண்டுக்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

தொண்ணூற்றொன்றாம் வருடம் அவர் மகள் ரமணிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை கொடுத்துக்கொண்டிருந்த நேரம். நான் சிரம்பானில் ஒரு கருமாதிக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, பக்கிரிசாமி என்று பேர் ஒட்டிய குழாய் எனக்காகக் காத்திருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த சந்திரகலா எடுத்து வைத்திருந்தாள். மிஷினில் போட்டேன். பத்தொன்பது வந்தது.

மறுபடி போட்டேன், அதே பத்தொன்பது. மிஷினைச் சோதிக்கிற மருந்தைப் போட்டுப் பார்த்தேன், மிஷின் சரியாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது, அந்த மனுஷன் மகளின் கல்யாணத்தைத் தவிர வேறு எதையும் பேசாமல் திரிந்துகொண்டிருந்தார். டாக்டர் சண்முகரத்தினத்துக்குப் போன் செய்தேன்.

"உடனே அட்மிட் பண்ணுங்கோ. ஸ்கேன் எடுத்துப் பாப்பம். நான் ஒரு கட்டில் சொல்லி வைக்கிறன்" என்றார்.

போனை வைத்த பிறகுதான் குழாயை நன்றாகப் பார்த்தேன். வயிறு இல்லாதவருக்குச் சத்து சேராது, ரத்தம் கொஞ்சம் வெளுத்தே இருக்கும். இந்தக் குழாயின் அடியில் சிவப்பு தாராளமாகக் கிடந்தது. சந்திரகலாவைக் கூப்பிட்டு, நரம்பு கிடைக்கக் கஷ்டப்பட்டாயா என்று கேட்டேன்.

"இல்ல மிஸ், ஒரே குத்துல கிடைச்சுது. கயிறு மாதிரி நரம்பு."

பக்கிரிசாமியின் நரம்பைக் கண்டுபிடிக்க எனக்கே சுடுதண்ணீர்ப் பை வேண்டும். அடியில் இருந்த அணுக்களை எடுத்து ரத்த குரூப் பார்த்தேன். ஏ குரூப். பக்கிரிசாமி ஓ குரூப். யாருடைய கை அது என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

ஏனென்றால் பக்கிரிசாமியின் ஆபரேஷன் நாளை ரத்த வங்கியில் இருந்த யாரும் மறந்திருக்க முடியாது. அவருடைய தம்பி அய்யாவு, கிள்ளானில் லோரி ஓட்டுகிறவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து கவுண்டரில் நின்றார். "என் ரத்தத்தை எடுத்து அண்ணனுக்கு ஏத்துங்க" என்றார். உங்களுடையது ஏ, அண்ணனுக்கு ஆகாது, வேறு யாருக்காவது கொடுக்கிறோம் என்றேன். மனுஷன் கவுண்டரைத் தட்டினார். "ஒரே தாய் வயித்துல பொறந்தோம், என் ரத்தம் எப்படி ஆகாமப் போகும்?" என்று சத்தம் போட்டார். கடைசியில் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். கல்யாணம் கட்டாதவர். அண்ணன் பிள்ளைகள்தான் அவருக்குப் பிள்ளைகள்.

பக்கிரிசாமியைத் தனியாக வரச் சொன்னேன். அவர் பத்திரிகைக் கட்டோடு வந்து, எனக்கும் ஒன்றை மஞ்சள் தடவி நீட்டினார். வாங்கி மேஜையில் வைத்துவிட்டு நேராகச் சொன்னேன்.

"நம்பர் ஏறியிருக்கு. பத்தொன்பது."

"ஓ" என்றார். புற்று திரும்பியிருக்கலாம் என்று கேட்டவர் முகமா அது? பஸ் கொஞ்சம் லேட்டாக வரும் என்று சொன்னதுபோல் உட்கார்ந்திருந்தார். "மிஷின் தப்பா இருக்கும் மிஸ்ஸி."

"என்ர மிஷினோ பிழை? நீங்கள் ஓ குரூப். அந்தக் குழாயில இருக்கிறது ஏ. ஆருடைய ரத்தம் அது?"

"ஐயோ, சிலோன் வந்துருச்சு" என்று சிரித்தார். பிடிபட்டவரின் சிரிப்பு. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கொஞ்ச நாளாக உடம்பு இளைக்கிறதாம், வேட்டி இடுப்பில் நிற்கவில்லையாம். நம்பர் ஏறியிருந்தால் டாக்டர் பிடித்துப் படுக்க வைத்துவிடுவார், ரமணியைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தன் கை இருக்காது என்று பயம். கல்யாணம் முடிகிறவரை நல்ல நம்பர் ஒன்று இருந்தால் போதும் என்று தம்பியிடம் புலம்பியிருக்கிறார். நான் சிரம்பான் போகிற நாள் அவருக்குத் தெரியும். தம்பி அண்ணனுடைய அட்டையை வாங்கிக்கொண்டு வந்து, பேர் கேட்டால் பக்கிரிசாமி என்று சொல்லிக் கையை நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

"அப்ப அந்த பத்தொன்பது என்னோடது இல்ல. எனக்கு ஒன்னும் இல்ல, அதானே மிஸ்ஸி?"

"உங்களோடது இல்லதான்" என்றேன்.

இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. மடியில் இருந்த பத்திரிகைகள் சரிந்து தரையில் விழுந்தன. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"தம்பிக்கா?" என்றார்.

நம்பர் மட்டும் தீர்ப்பு ஆகாது, வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் உள்ளே கேமரா விட்டுப் பார்க்காமல் விடவே கூடாது என்று சொன்னேன். சுடுதண்ணீர்ப் பையை வைத்து அவருடைய சொந்த ரத்தத்தையும் எடுத்தேன். அது வழக்கம்போல் இரண்டு. அந்த நம்பரை அவர் கேட்கவே இல்லை. வாசலில் நின்றுகொண்டு, "கிள்ளானுக்கு எப்ப மிஸ்ஸி போறோம்?" என்றார்.

என் பழைய டட்சன் காரில் அன்றைக்கே போனோம். கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு லோரி முற்றம். அய்யாவு அரிசி மூட்டை ஏற்றிய லோரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு இறங்கி வந்து கும்பிட்டார்.

"தப்புத்தான் மிஸ்ஸி. அண்ணனைத் திட்டாதீங்க. நான்தான் போறேன்னு சொன்னேன்."

"திட்டுறதெல்லாம் பிறகு. உங்க வயிறு எப்படி?"

"எனக்கென்ன, கொஞ்சம் காத்து. அவ்வளவுதான்."

லோரியின் முன்பக்கம் முருகன் படம் ஒட்டியிருந்தது. படத்துக்குப் பக்கத்தில், வயிற்றெரிவுக்குக் குடிக்கிற வெள்ளை மருந்துப் போத்தல் நின்றது. இருக்கைக்குக் கீழே காலிப் போத்தல்களும் சிகரெட் பெட்டிகளும் கிடந்தன. கொஞ்சம் காற்றுக்கு இவ்வளவு மருந்தா என்று நினைத்தபடி நம்பரைச் சொன்னேன்.

எத்தனையோ பேருக்குக் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். அழுதவர்கள் உண்டு, அடிக்க வந்தவர்களும் உண்டு. அய்யாவு முகம் மலர்ந்து முருகன் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கேட்டுட்டான்ணே. முருகன் கேட்டுட்டான்."

எங்கள் இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார். ஆபரேஷனுக்கு அப்புறம் வந்த தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுத்திருந்தார், அது அண்ணன் பிழைத்ததற்கு நன்றி சொல்ல என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். உண்மையில் வேண்டுதல் வேறு. அண்ணனுக்குக் குடும்பம் இருக்கிறது, நான் தனி ஆள், அவர் நோயை எனக்குக் கொடுத்துவிடு என்று கேட்டு அலகு குத்தியிருக்கிறார்.

"இப்ப குடுத்துட்டான். அண்ணனுக்கு இனி வராது" என்றார். எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்!

"சரி, இப்ப வாங்க. டாக்டர் கட்டில் வெச்சிருக்காரு. நாளைக்கு கேமரா டெஸ்ட்."

"நான் வரல மிஸ்ஸி."

"ஏன்?"

"நான் போயி அறுத்து எடுத்துட்டா அது எங்க போகும்? திரும்பி அண்ணன்கிட்டதான் போகும். வாக்குக் குடுத்து வாங்கினது. என்கிட்டயே இருக்கட்டும்."

கத்திக்குப் பயந்து வரமாட்டேன் என்பவர்களை மிரட்டி இழுத்து வந்திருக்கிறேன். பாசத்துக்காக வரமாட்டேன் என்கிறவரை என்ன செய்வது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீங்கள்? புற்று என்ன பஸ்ஸே, ஒராளை இறக்கிப்போட்டு மற்றாளை ஏத்திக்கொண்டு போக? சிகரெட் பிடிக்கிறீங்கள், அதுக்கு அஞ்சு வரைக்கும் விட்டுக்குடுக்கிறன். மிச்சம் என்ன?"

"மிச்சம் அண்ணனோடது" என்றார் அய்யாவு, அசையாமல்.

பக்கிரிசாமி வெயிலில் நிற்க முடியாமல் லோரிப் படியில் உட்கார்ந்திருந்தார். நான் மூச்சை இழுத்து, கோபத்தை இறக்கிவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பேசினேன். நம்பரை வைத்துத்தான்.

"அய்யாவு, நான் சொல்றதக் கேளுங்க. உங்க அண்ணன் உடம்புல புற்று இருந்தப்ப நம்பர் முப்பதுக்கு மேல. ஆபரேஷன் முடிஞ்சு, தீபாவளி வர்றதுக்கு முன்னாடியே ரெண்டுக்கு வந்துருச்சு. அப்புறம் ஏறவே இல்ல. நீங்க காவடி எடுத்தது எப்ப?"

"தைப்பூசத்துக்கு."

"அந்தத் தீபாவளி முதல்ல வந்துச்சா, நீங்க காவடி எடுத்த தைப்பூசம் முதல்ல வந்துச்சா?"

அய்யாவு விரலை மடக்கி எண்ணினார். பக்கிரிசாமி தலையைத் தூக்கினார்.

"டேய், நீ காவடி தூக்குனப்ப என் வயிறு எங்கடா இருந்துச்சு?"

அய்யாவு அண்ணனின் வயிற்றைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி வாளியில போயி மாசக்கணக்கா ஆயிருச்சு. வயிறே இல்லாதவன்கிட்டேர்ந்து வயித்து நோயை எப்படிடா வாங்குவே? என்கிட்ட இருந்தா குடுத்திருக்க மாட்டேனா? கேட்டா நான் எதைடா உனக்கு இல்லன்னு சொன்னேன்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அய்யாவுக்கு அழுகை மட்டும் வந்தது. தார்ப்பாய்க் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் குத்துன அலகு, தூக்குன காவடி, எல்லாம் சும்மாவாண்ணே?"

"சும்மாவாடா? உடம்புல ஒன்னும் இல்லன்னு நினைக்கிற எவனாச்சும் லேப்புல போயி கையை நீட்டுவானா? நீ நீட்டுவியா? முருகன்தான் என் பேரைச் சொல்லி உன்னைக் கூட்டியாந்து மிஸ்ஸி லேப்புல உக்கார வெச்சான் பாரு. அதான்டா உனக்குக் குடுத்தது. நீ கேட்டது வேற, அவன் குடுத்தது வேற."

இதற்கு விஞ்ஞானத்தில் ஒரு ஆதாரமும் கிடையாது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"நீ வரலேன்னா மணவறைப் பக்கமே நான் வரமாட்டேன். தாரை வார்க்க வேற அப்பனைப் பாத்துக்கச் சொல்லு" என்று பக்கிரிசாமி முடித்தார். அந்தக் கல்யாணத்துக்காக ரத்தத்தையே மாற்றிக் கொடுத்த மனுஷன், இப்போது அந்தக் கல்யாணத்தையே தூக்கித் தம்பி காலடியில் வைத்துவிட்டார். அய்யாவு கையில் சுற்றிய கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டார். பிறகு லோரிச் சாவியை முற்றத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு, முருகன் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் டட்சனில் வந்து ஏறினார்.

முற்றத்து ஆபீஸிலிருந்தே டாக்டருக்குப் போன் போட்டேன். "கட்டிலை விட்டுடாதேங்கோ. ஆள்தான் மாறுது" என்றேன்.

கேமராவில் வயிற்றின் கீழ்ப்பக்கம் ஒரு புண் தெரிந்தது. அதன் ஓரம் தடித்திருந்தது. துணுக்கு எடுத்துப் பார்த்ததில் புற்றுதான் என்று உறுதியானது. வயிற்றுச் சுவரை இன்னும் தாண்டவில்லை. "இன்னும் ஆறு மாசம் போயிருந்தா எனக்கு வேலையே இருந்திருக்காது" என்றார் டாக்டர் சண்முகரத்தினம். வயிற்றில் கால்வாசியை விட்டுவிட்டு மீதியை எடுத்தார். நன்றாக இருக்கிறவர்களிடம் தேட இந்தச் சோதனை உதவாது என்று நான் இன்றைக்கும் சொல்கிறேன், அது உண்மையும்கூட. அய்யாவு ஒரு விதிவிலக்கு. அவரிடம் நாங்கள் தேடவே இல்லை, அவர்தான் வந்து மாட்டிக்கொண்டார்.

கல்யாணத்தன்று டாக்டரிடம் கெஞ்சி ஒரு மணி நேரத்துக்குத் தம்பியை அழைத்து வந்தார்கள். வேட்டிக்கு மேல் கட்டு தெரிய, மணவறைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாரை வார்க்கிற நேரம் பக்கிரிசாமி செம்பைப் பிடித்தபடியே திரும்பி, தம்பியின் கையை இழுத்துத் தன் கைக்குக் கீழே வைத்துக்கொண்டார். ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பக்கிரிசாமி பார்த்த பார்வையில் மந்திரத்தைத் தொடர்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டதற்குப் புகை என்று பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றாகவே வருவார்கள். அய்யாவு கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வந்து, அண்ணனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு படியேறுவார். நானே இருவர் கையிலும் எடுப்பேன், எடுத்ததும் குரூப் பார்ப்பேன். "இன்னும் நம்பிக்கை வரலியா மிஸ்ஸி?" என்பார் பக்கிரிசாமி. "உங்க குடும்பத்து மேல வராது" என்பேன்.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நம்பர் வந்ததும் பக்கிரிசாமி, "தம்பிக்கு எவ்வளவு?" என்பார். அய்யாவு, "அண்ணனுக்கு எவ்வளவு?" என்பார். பக்கிரிசாமி பிறகு போகிற போக்கில் தன்னுடையதையும் கேட்டுக்கொள்வார். அய்யாவு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தன் நம்பர் இறங்குவது அவருக்கு உள்ளூர ஏதோ குற்றம்போல் இருந்தது என்று நினைக்கிறேன். அண்ணனுக்கு இரண்டு என்று கேட்டதும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார். நானும் விட்டுப் பார்த்தேன். ஒரு நாள் பொறுக்கவில்லை.

"இனிமே உங்க அண்ணன் நம்பரை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அவரவர் நம்பரை அவரவர் கேட்டாத்தான் சொல்லுவேன். இது என் லேப், என் சட்டம்."

அய்யாவு சிரித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த முறை கேட்காமலே போனார். நானும் சொல்லவில்லை. பிடிவாதத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்கடுத்த முறை வந்தபோது ரமணிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பக்கிரிசாமி மாடிக்கு வராமல் கீழே சேலைக் கடையில் குழந்தைக்குத் துணி பார்த்துக்கொண்டிருந்தார். அய்யாவு மட்டும் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கதவைப் பார்த்தார். தன் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார்.

"காலையில பிள்ளையைத் தூக்குனேன் மிஸ்ஸி. விரலைப் புடிச்சா விட மாட்டேங்குது."

நான் காகிதத்தின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"மிஸ்ஸி" என்றார் மறுபடி, மெதுவாக. "எனக்கு எவ்வளவு?"